உன் கம்ப்யூட்டர் மலைக்குப் போன சேதி

சங்கராபுரம்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கவியரசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டு நாலு நாளாக வெயில் காய்கிறது, எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை, படி இறங்கும்போது முழங்கால் மட்டும் தான் இருப்பதைச் சொல்லிக்காட்டுகிறது. நீயும் அந்த வான்கூவர் குளிரில் காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு, வேளைக்கு ஏதாவது சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "சொல்லும்மா" என்றதும் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோய் "சாப்பிட்டியா" என்று மட்டும்தான் வாயில் வருகிறது. நீயும் சாப்பிட்டேன் என்கிறாய், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாய், அதற்குள் உன்னை யாரோ கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சேதி இதுதான். உன் ரூமில் இருந்த கம்ப்யூட்டர் இப்போது நம் வீட்டில் இல்லை. வெள்ளிமலைப் பக்கம் செவ்வந்தி வீட்டுக்குப் போய்விட்டது. நீதான் போன வருஷமே "பழசாயிடுச்சும்மா, யாருக்காவது குடுத்துடு" என்று சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. உன் அப்பா போனபிறகு இந்த வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி சத்தம் போடும் சாமான் அது ஒன்றுதான் இருந்தது. சும்மா வைத்தால் கெட்டுப்போகும் என்று நீ ஒருதரம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தினம் சாயங்காலம் போட்டுவிடுவேன். ஒன்றும் பார்க்கமாட்டேன். உள்ளே அந்த விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வேன், பூ கட்டுவேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறாய் என்பது மாதிரி இருக்கும்.

செவ்வந்தியை உனக்குப் போனில் தெரியும், எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. வைகாசியில் உன் சித்தப்பா வெங்கடேசன் மகள் கல்யாணத்துக்கு நீ வர முடியவில்லை அல்லவா, அங்கே போட்டோ எடுக்க வந்தவள் அவள். மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்த பெண், ஒடிசலாக இருப்பாள், கழுத்தில் இரண்டு கேமராவை மாட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினாள். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். என் பையனும் இந்த வேலைதான், கனடாவில் சினிமாக் கம்பெனிக்குச் செய்கிறான், அவனுடைய பெரிய கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா இருக்கிறது என்று நான்தான் பேச்சு கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "பெரிய பைல் ஓப்பன் ஆவுமாம்மா அதுல" என்று கேட்டாள். புதுக் கேமரா வாங்கினாளாம், ஊரில் இருக்கிற லேப்டாப் அந்தப் போட்டோவைத் திறந்தாலே அப்படியே நின்றுவிடுகிறதாம். வந்து பார் என்றேன். அடுத்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அந்தக் கல்யாணப் போட்டோவைத்தான் முதலில் திறந்தாள். திறந்தது, ஆனால் ஒரு படம் வருவதற்குள் நான் கொடுத்த டீ ஆறிப்போனது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேடையில் மாலை மாற்றுகிற படம் ஒன்று. பொண்ணு கண்ணில் மை கலைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் உடையவே இல்லையடா, அப்படி ஒரு தெளிவு. படத்தை நகர்த்திக்கொண்டே போனபோது பின்னால் தூணோரம் ஒரு பொம்பளை தெரிந்தாள். எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் மட்டும் கையில் போனைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள், இரண்டு பக்கமும் நாற்காலி காலி. யாரோ என்றுதான் பார்த்தேன். புடவையைப் பார்த்தபிறகுதான் நான் என்று தெரிந்தது. உனக்கு மேடையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, நீ பார்த்துவிட்டாயா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. செவ்வந்தியும் பார்த்துவிட்டாள். "ஓரத்த வெட்டிடட்டுமாம்மா" என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கட்டும், ஆல்பத்தில் அவ்வளவு பெரிதாக்கி யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன்.

உன் கம்ப்யூட்டராலும் முடியவில்லை என்றுதான் அன்றைக்கு உனக்குப் போன் போட்டது. அப்போது உனக்கு ராத்திரி, வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாய். போனை அவளிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். நீ எவ்வளவு நேரம் பேசினாய் தெரியுமா. அந்தக் கேமரா எடுக்கிற போட்டோ சமைக்காத அரிசி மாதிரியாம், எல்லா விஷயமும் அதிலேயே இருக்குமாம், அதனால்தான் அவ்வளவு கனமாம். போர்டில் ரேம் மாட்ட இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, முதலில் அதை நிரப்பு, சுற்றுகிற பழைய டிஸ்கில் வேலை செய்யாதே, எஸ்எஸ்டி ஒன்று போட்டு அதில் வேலையை வைத்துக்கொள், முடிந்ததைப் பழைய டிஸ்கில் போடு, கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது அவசரமில்லை என்றாய். அவள் "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று எழுதிக்கொண்டாள். இடையில் ஏதோ சொல்லிச் சிரித்தாய். நான் சமையல்கட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. உன் குரல் இந்த வீட்டில் அவ்வளவு நேரம் கேட்டு எத்தனை நாளாயிற்று. கேட்கக் கேட்க நன்றாகவும் இருந்தது, எனக்கு எதுவும் விளங்காத பேச்சாக இருக்கிறதே என்று ஒரு மாதிரியாகவும் இருந்தது. வைக்கும்போது "அம்மா எங்க" என்றாய், வந்தேன், "சாப்பிட்டியாம்மா" என்றாய்.

பிறகு அவளும் நானும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வனிடம் கொடுத்தோம். பக்கத்துத் தகட்டைக் கழற்றியவர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உள்ள ஒரு குடும்பமே வாழ்ந்துகினு இருந்திருக்குது" என்றார். குளவி மண்கூடு கட்டியிருந்தது, பல்லி முட்டை ஓடு கிடந்தது. ஊதித் துடைத்து, நீ சொன்னதெல்லாம் மாட்டி, அங்கேயே ஒரு படத்தைத் திறந்து காட்டினார். தட்டினதும் வந்து நின்றது. செவ்வந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதில் புரிந்தது இவ்வளவுதான், சின்ன மேடையில் பெரிய சமையல் செய்துகொண்டிருந்தவளுக்கு மேடையை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் முகூர்த்தம் முடிந்த ஒவ்வொரு வாரமும் வருவாள், காலை பஸ்ஸில் இறங்கினால் சாயங்கால பஸ்ஸில் ஏறுவாள். நான் இரண்டு பேருக்கு உலை வைக்க ஆரம்பித்தேன். மலையில் கல்யாணம் எப்படி நடக்கும், யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கவில்லை என்று வேலை செய்துகொண்டே சொல்வாள். தெருவில் எல்லாரும் உறவா என்று கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஐப்பசியில் அந்தப் பெரிய மழை வந்தது. அவள் வந்த அன்றைக்கு மத்தியானமே மலை ரோட்டில் மரம் விழுந்து பஸ் போகவில்லை. இரண்டு நாள் இங்கேயே தங்கும்படி ஆயிற்று. உன்னிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அடை சுட்டேன், உன் போர்வையை எடுத்துக் கொடுத்தேன், இன்னும் ஒரு நாள் மழை பெய்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. மறுநாள் சாயங்காலம் அவள் மகளிடமிருந்து போன் வந்தது, செவ்வந்தி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். சுபஸ்ரீ என்று பெயர், இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை. "எப்பம்மா வருவ" என்று கேட்டது. நாளைக்கு என்றாள். நேற்றும் நாளைக்கு என்றுதானே சொன்னாய் என்று கேட்டது குழந்தை. செவ்வந்தி பேச்சை மாற்றுவதற்காக "சாப்ட்டியா கண்ணு" என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு அடுப்பங்கரையில் நிற்க முடியவில்லை கவி. அந்தச் சத்தமில்லாத பக்கம் எனக்குப் பழக்கமான பக்கம்.

போனை வைத்ததும், இதைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போ என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கம்ப்யூட்டரைச் சொல்கிறேன் என்றேன். "வேணாம்மா, நான் வந்து போய்க்கினு இருக்கேன், உங்களுக்கும் பேச்சுத் துணையா இருக்குமில்ல" என்றாள். தெரிந்துதான் வைத்திருக்கிறாள் பார். "எனக்குப் பேச்சுத் துணை வோணும்னு அந்தப் புள்ளைய அழவெச்சிக்கினு இருப்பியா, எடுத்துக்கினு போ" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. கடைசியில், அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றாள். அவன் போன வருஷமே கொடுத்துவிடச் சொன்னான், நான்தான் வைத்துக்கொண்டு இருந்தேன் என்றேன்.

ரோடு சரியானதும் அவள் வீட்டுக்காரர் அஜித் லோடு வண்டி கொண்டுவந்தார். அதற்கு முன்னால் உன் போட்டோ எல்லாவற்றையும் தனி டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள், பீரோவில் என் புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. மானிட்டரை மெத்தைக்குள் சுற்றி, சிபியுவை என் மடிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கொண்டையூசி வளைவு திரும்பும்போதெல்லாம் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனேன். மேலே நல்ல குளிர், வீட்டைச் சுற்றிச் சாமை அறுத்த காடு. மாட்டி முடித்துப் போட்டதும் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கீங் கீங் என்று கத்த, சுபஸ்ரீ காதைப் பொத்திக்கொண்டு என் முந்தானைக்குள் வந்து ஒளிந்துகொண்டது. கரண்ட் வந்தபிறகு அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து படம் திறப்பதைப் பார்த்தது. பிறகு என் பக்கம் அது திரும்பவே இல்லை. அதுதான் சரி. அன்றைக்கு அங்கே தங்கிவிட்டு மறுநாள் பஸ்ஸில் நான் மட்டும் இறங்கி வந்தேன்.

வீட்டைத் திறந்து உள்ளே வந்ததும், விளக்கு ஏற்றும் நேரத்துக்கு உன் ரூமுக்குப் போய்விட்டேன். சுவிட்சில் கைகூட வைத்துவிட்டேன். மேசைமேல் அது இருந்த இடத்தில் மட்டும் பலகை புதுசு மாதிரி பளபள என்று இருந்தது. துடைக்க வேண்டிய வேலையும் இல்லை. செவ்வந்தி வாரம் ஒருமுறை போன் செய்கிறாள், தை பிறந்தால் நிறைய வேலை இருக்கிறதாம், அப்போது போன் வருவது கொஞ்சம் குறையும், குறையட்டும். எனக்கு என்ன செய்வதென்று தெரியாத நேரம் இந்தச் சாயங்காலம்தான். டிவி போட்டுப் பார்த்தேன், அது யாரிடமோ பேசுகிறது.

உன்னை வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, தலைக்கு எண்ணெய் வை, சித்தப்பாவுக்கு ஒரு போன் செய், கல்யாணத்துக்கு வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இனிமேல் போன் செய்தால் நான் சாப்பிட்டேனா என்று கேட்காதே, சாப்பிடாமல் எங்கே போகப்போகிறேன். அன்றைக்கு அவளிடம் பேசினாயே, அந்த மாதிரி பேசு. உன் வேலையில் இன்றைக்கு எது மக்கர் செய்தது, எதைக் கழற்றினாய், எதை மாட்டினாய், எந்தப் படம் எவ்வளவு கனம் என்று சொல். அம்மாவுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைக்காதே. புரியாவிட்டால் என்ன, நான் உம் கொட்டிக்கொண்டு இருப்பேன், நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இரு.

கைகால் சுகத்தோடு, பேர் சொல்லும்படி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நம் குலசாமியை வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா,
சி. கமலா.