ஆறு பொத்தான்கள்

ஜனவரி, வியாழன் இரவு

1. எழுத்தழிந்த கார் பொத்தான்கள்.
2. என் வைத்தியம்.
3. கமலாவுக்கு இனி என் ஓட்டுதலில் நம்பிக்கை வராது.

போன வாரம் மூடுபனியில், கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தான் என்று வேறொன்றை அமுக்கிவிட்டேன். குளிர்காற்று மனைவி கமலாவின் முகத்தில் அடித்தது. “இன்னொரு தடவை தப்பா அமுக்கினா வண்டியை வித்துடுங்கோ” என்றாள்.

இன்று மதியம், அலுவலகக் கோப்புகளைத் திருத்திய பழக்கத்தில், தேய்ந்த குறிகளின் பள்ளங்களில் பல்குத்தியால் ஒயிட்னரை நிரப்பி, வழிந்ததைத் துடைத்தேன். இரண்டு மணி நேரமானது. ஆறும் பளிச்!

மாலையில் கமலா பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைத்தாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அவளோ “ம்” என்றதோடு சரி.

இதை எழுதும்போதே உள்ளேயிருந்து கமலாவின் குரல்: “நாளைக்கு அக்கா ஆத்துக்கு டாக்ஸி வேண்டாம். நீங்களே ஓட்டுங்கோ!”

மூன்றாவதாக எழுதியது தவறு.