கண்ணாடிக்குக் கீழே மூன்று பட்டன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு வல்லக்கோட்டைப் பக்கம் போய்விட்டது.

வண்டி கைக்கு வந்து ஒரு வாரம். ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு மேனேஜர் ஓட்டிய கார். சீட் இன்னும் அவர் உடம்பு அளவுக்கே அமுங்கியிருக்கிறது. உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் மூன்று சின்னப் பட்டன். எதற்கென்று தெரியாமல் நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்று வாட்டர் சர்வீஸ் ஆள் சொன்னான்: "சார், அது வூட்டு ஷட்டர் தொறக்கறதுக்கு. ரிமோட் தனியா வேணாம், வண்டியிலயே கீது."

குடோனின் பக்கவாட்டு ஷட்டருக்கு மோட்டார் உண்டு. வண்டியை அதற்குள்தான் விடுகிறேன். வாங்கிய பொருளில் ஒரு பாகமும் சும்மா இருக்கக்கூடாது. செய்துவிட வேண்டும்.

மற்றவை: ஆணி இரண்டு பெட்டி. மரம் லோடு வெள்ளிக்கிழமைதானாம். கம்பெனிக்குச் சரக்கு அடுக்கும் மரத்தட்டு, அதான் பேலட், சாம்பிள் கொண்டுபோனேன். விசிட்டர் பாஸைக் கழுத்தில் மாட்டி, பர்ச்சேஸ் ஆபீசர் வரும்வரை ரிசப்ஷன் நாற்காலி. பொடியன். அவனிடம் எழுந்து நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, என் பிள்ளை தினேஷ் காலத்தில் அவர்கள் எழுந்து நிற்பார்கள்.

தினேஷ் இன்றும் ஐந்து மணிக்கே குடோனுக்குக் கிளம்பிவிட்டான். கோமதியிடம் சொன்னேன், என்னைவிட முன்னால் எழுந்திருக்கிறான் பார் உன் பிள்ளை என்று. அடுப்பைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றாள்.

ஜூலை 9, புதன்

செல்போனில் வீடியோ பார்த்துச் செய்தது. மறக்காமலிருக்க:

– ஓரத்துப் பட்டன் இரண்டையும் சேர்த்து, விளக்கு வேகமாய் மினுக்கும்வரை பிடிக்கவும். பழைய ஓனரின் கதவெல்லாம் அழிந்துவிடும்.
– ரிமோட்டைக் கண்ணாடியிடம் காட்டி, ரிமோட்டும் இடது பட்டனும் ஒரே நேரத்தில்.
– மெதுவாய் மினுக்குவது வேகமாய் மாறினால் வண்டி படித்துக்கொண்டது என்று அர்த்தம்.

மாறியது. ஷட்டர் அசையவில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம். லோடு ஆட்களுக்குத் தலைவன் இசக்கி, தென்காசிக்காரன், தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மொதலாளி, வண்டிக்கு நம்ம ஊரு பாஷ இன்னும் வெளங்கலபோல" என்றான். சிரிக்கிற மனநிலை இல்லை.

பிறகு புரிந்தது. வண்டி படித்தால் மட்டும் போதாது, மோட்டாரும் வண்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் பெட்டிக்குள் ஒரு பட்டன். அதை அழுத்திய அரை நிமிடத்துக்குள் வண்டியில் அழுத்த வேண்டும். இரண்டு ஆள் வேலை.

தினேஷைக் கூப்பிட்டேன். சாயங்காலம், மேஜையில் தலை கவிழ்த்துத் தூக்கம்.

"இன்னாடா, வெளக்கு வெக்கற நேரத்துல?"

"லோடுப்பா. நாளைக்குப் பாக்கலாம். ரிமோட்தான் கீதே, இப்ப இன்னா அவசரம்?"

இசக்கியைப் பார்த்தேன். இசக்கி கூரையைப் பார்த்தான்.

ஜூலை 10, வியாழன்

தூறல், உடனே வெயில். ஷட்டர் போட்டுக்கொடுத்த மெக்கானிக் மாலையில் வந்தான். அவன் ஏணியைச் சாய்த்ததுமே தினேஷ் "கூரியர் ஆபீஸ் போய்ட்டு வரேன்ப்பா" என்று பைக்கை எடுத்தான்.

"மெமரி ஃபுல்லுண்ணா" என்றான் மெக்கானிக். "இதுல ஆறு ரிமோட்தான் ஏறும். ஆறும் ஏறிக்கீது. உங்க வண்டிக்கு எடமில்ல."

"ஆறா? நீ குடுத்தது ரெண்டுதானேப்பா?"

"நான் குடுத்தது ரெண்டு. மீதி யாரு ஏத்தினாங்களோ. கடைல விக்குதுண்ணா, இந்தப் பட்டன் தெரிஞ்சா போதும்."

ஒன்று என்னிடம். ஒன்று தினேஷிடம். மற்ற நாலு?

மொத்தத்தையும் அழிப்பது எப்படி என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவனை அனுப்பிவிட்டேன். அதே பட்டனை மெதுவாய்ப் பத்து எண்ணும்வரை விடாமல் பிடிக்க வேண்டும்.

சரக்கைச் சரிபார்த்தேன். ஒரு பலகை குறையவில்லை. அதுதான் இன்னும் கடுப்பு. திருடவில்லையென்றால் நாலு பேருக்கு என் குடோனில் என்ன வேலை?

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். அழித்தால் ஆள் வரும். எல்லோரும் போனதும் டிரம் மேல் ஏறி அழித்தேன். என்னுடையதும் சேர்ந்துதான் போயிற்று. உள்சுவிட்சில் ஷட்டரை இறக்கி, முன்கதவு வழியாக வெளியே வந்து பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். எழுத்து கோணலாய் வருகிறது.

காஞ்சிபுரம் போவதாகக் கோமதியிடம் சொல்லிவிட்டு வந்தேன். வண்டி லாரிகளுக்குப் பின்னால். நான் குடோனை ஒட்டிய டீக்கடையில், உள்பெஞ்சில். முதல் அடி அங்கேயே விழுந்தது. ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவனை அங்கே காணோம். பைக்கும் இல்லை.

எட்டு மணிவாக்கில் இசக்கி. லுங்கி மடிப்பிலிருந்து ரிமோட். அழுத்தினான், தொடையில் தட்டினான், ஊதினான். "எல, நேத்துவர நல்லாத்தானல இருந்துச்சு!" என்று பக்கத்திலிருந்த ஆளிடம் கோபம். பிறகு கணக்கு எழுதும் கஸ்தூரி ஸ்கூட்டியில். "தள்ளுண்ணா. நீ அமுக்கற அமுக்குல அது செத்தே பூட்டிருக்கும்." அவள் பையிலிருந்தும் ஒன்று. லாரி டிரைவரும் இறங்கி வந்து ஒன்றை நீட்டினான். மூன்று பேரும் வரிசையாக நின்று ஷட்டருக்குத் தீபாராதனை காட்டுவதுபோல் காட்டினார்கள். வேறொருவர் குடோன் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"தினேஷ் அண்ணனுக்குப் போன் போடு தாயி" என்றான் இசக்கி.

"எடுக்காதுண்ணா. லைன்ல போன் அலோ கெடையாது. அம்மாவுக்குப் போட்டுக்கீறேன், வந்துக்கினு கீறாங்க."

லைன். எந்த லைன்?

ஆட்டோ வந்தது. கோமதி இறங்கினாள். எனக்குச் சொல்லத்தான் ஓடி வருகிறாள் என்று அந்த நொடிகூட நினைத்தேன். கைப்பையைத் திறந்து ரிமோட்டை எடுத்தாள். ஆறாவது.

டீ கிளாஸோடு நடந்துபோய் நின்றேன். கஸ்தூரி கையிலிருந்தது கீழே விழுந்தது.

"எங்கடி அவன்?"

"கம்பெனில ஏ ஷிஃப்ட்டுங்க" என்றாள் கோமதி. "அவன ஒன்னும் சொல்லாதீங்க. நான்தான் மறைக்கச் சொன்னேன்."

நாலு மாதமாக. குடோன் என்று சொல்லிவிட்டு, பைக்கைக் கூட்டுரோட்டில் போட்டு, கம்பெனி பஸ். யூனிஃபார்ம் மாற்றுவது இசக்கியின் ரூமில். காலையில் குடோனைத் திறக்க இவர்களுக்கெல்லாம் ரிமோட். நான் கம்பெனிகளைச் சுற்றிவிட்டு வருவதற்குள் மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொள்வான். சம்பளம் வாங்குகிறவன், கட்டிய மனைவி, எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

எந்தக் கம்பெனி தெரியுமா? செவ்வாயன்று நான் பாஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. அப்பன் ரிசப்ஷனில், பிள்ளை உள்ளே.

மூன்று மணிக்கு ஒரகடம் கூட்டுரோடு. பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேருக்கும் ஒரே சட்டை. என் பிள்ளை எவனென்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை. அவன்தான் என்னைப் பார்த்தான்.

"இன்னாடா வேஷம் இது?"

"வேலப்பா."

"உனக்கு வேலை இல்லயா? முப்பது பேருக்கு வேலை குடுக்கறோம்டா நாம."

"நீங்க குடுக்கறீங்க. நான் உங்ககிட்ட வேலை செய்யறேன்."

"அங்க எவனும் திட்ட மாட்டானா?"

"திட்றாரு. சைரன் ஊதினா நிறுத்திடறாரு. உங்ககிட்ட சைரனே கெடையாதுப்பா. சோறு துன்னும்போதும் லோடு, முருகன் கோயில் கியூல நிக்கும்போதும் லோடு."

கூட இறங்கிய தெற்கத்திப் பையன் ஒருவன் குறுக்கே வந்து கும்பிட்டான். "அப்பாவா சார்? ஒங்க மவன் வேல சுத்தம் சார். எங்க லைன்லயே ரிஜெக்ட் கொறவு இவனுக்குத்தான்." ஊரான் வந்து எனக்குச் சொல்கிறான்.

கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூலை 12, சனி

மேகம். கோமதி இட்லி வைத்தாள், சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

இசக்கியை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அவன் ஆட்கள் அத்தனை பேரும் போவார்கள். கஸ்தூரியை? அவள் கணக்கில் ஒரு பிழை வந்ததில்லை. யோசித்தால் நாலு மாதமாக குடோன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. அவனும் இல்லை, நானும் இல்லை. அதை நினைத்தால்தான் எரிகிறது.

ஒரே ஒரு தடவை அவனிடம் சொன்னேன்: "அது ட்ரெயினி வேலைடா. சில வருஷத்துல கை குலுக்கி அனுப்பிச்சுடுவான். எத்தனை பேட்ச் பாத்திருக்கேன்."

"தெரியும்ப்பா."

"அப்புறம்?"

"வேற கம்பெனி."

குடோன் என்று வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவனுக்கு வார லீவு. "அந்த வண்டி பட்டன செஞ்சுடலாம்ப்பா" என்று அவனாக வந்தான். அவன் டிரம் மேல், மோட்டார் பெட்டியிடம். நான் வண்டிக்குள்.

"ரெடியாப்பா?"

"ம்."

"இப்ப!"

அழுத்தினேன். இரண்டாம் முறை அழுத்தியதும் ஷட்டர் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த எதுவும் சண்டையில்லாமல் முடிந்ததில்லை. இது முடிந்தது.

"இசக்கி அண்ணனோடது குடுங்க." கொடுத்தேன்; வெள்ளிக்கிழமையே எல்லோரிடமும் வாங்கி வைத்தது. கஸ்தூரி. டிரைவர். கோமதி. என்னுடையது. ஒவ்வொன்றாய் ஏற்றிவிட்டு மூடியை எடுத்தான்.

"உன்னுது?" என்றேன்.

"ஆறுதான் ஏறும். வண்டி ஒரு எடம் எடுத்துக்கிச்சு. விடுங்க."

"என் ரிமோட்ட எடுத்துட்டு உன்னுத ஏத்து. எனக்குத்தான் வண்டியிலயே கீதே."

கையிலிருந்த மூடியைத் துடைத்தான். "வேணாம்ப்பா. வண்டி சர்வீஸ் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" மூடியை வைத்து, நாலு ஸ்க்ரூவையும் நிதானமாக முடுக்கினான்.

அதற்குமேல் சொன்னால் கெஞ்சியதாகிவிடும்.

ஜூலை 14, திங்கள்

நல்ல வெயில். ஐந்து மணிக்குப் போனான். முதல்முறையாக வீட்டிலிருந்தே யூனிஃபார்மில். "வரேன்ப்பா." பேப்பரைப் பார்த்துக்கொண்டே "பஸ் வந்துடும், போ" என்றேன். அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் பேப்பர் வராது. அது நேற்றையது.

இன்று: கஸ்தூரியிடம் முன்கதவு சாவி ஒன்று. மர மில்லுக்குப் போன். பர்ச்சேஸ் ஆபீசரைப் பார்க்க வேண்டும், அதே கம்பெனி. போகத்தான் வேண்டும்.

மொட்டைமாடியில் இன்னொரு செட் காய்கிறது. சாம்பல் நிறம், மார்பில் கம்பெனி பெயர். கோமதி அதை நல்ல வெயில் விழும் நடுக்கொடியில், இரண்டு கிளிப் போட்டுக் காயப்போட்டிருக்கிறாள். என் வேட்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு.