படைத்தலைவனும் நீதிபதியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்த முதியோர் விடுதியில் நான் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி. என் கை பட்டாலே முகம் சுளிப்பார். நேற்று அவருடைய படுக்கைப்புண் சீழ் பிடித்து அறையே நாறியது.

“நீ தொடாத. வேற ஆள வரச்சொல்லு” என்றார். வேறு யாரும் வரவில்லை.

நாறிக் கிடக்கட்டும் என்று வாசல்வரை போய்விட்டேன். அப்போது நீங்கள் சொன்ன பைபிள் கதையில் வரும் குஷ்டரோகப் படைத்தலைவன் நினைவுக்கு வந்தான். ஆற்றில் முழுகினால் நோய் தீரும் என்று சொன்னபோது, இந்தக் கலங்கல் ஆற்றிலா முழுகுவது என்று வீம்பு பிடித்தவனையும் கடவுள் குணமாக்கினாரே. திரும்பிப் போய்க் கழுவினேன்.

“வலிக்காம பண்றியேம்மா” என்றார்.

சீழைவிட, வாசலில் நான் நினைத்ததுதான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

உங்கள் பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்; உங்கள் வாசனையோடு தூங்க வேண்டும்போல் இருக்கிறது. அவர் மணி அடிக்கிறார், போகிறேன்.

உங்கள் மகள்