தேடும் பெட்டியில் ஸ்டெல்லாவின் நம்பர்

திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஒரகடம் மேம்பாலத்தடியில் லாரிகள் நகரவில்லை.

கடையில் சேஃப்டி ஷூ, கையுறை அடுக்குவதை விட்டுவிட்டு யுனிவர்சிட்டி வெப்சைட்டில் உட்கார்ந்தேன். மகள் ஸ்டெல்லாவுக்கு ஒரே ஒரு அரியர். அது முடிந்தால் டிகிரி. டிகிரியைக் காட்டினால் வல்லம் வடகால் கம்பெனியில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ட்ரெய்னியாகவே வெளியே அனுப்பிவிடுவான். பழைய பேட்சுக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். விண்ணப்பம் வெள்ளி வரை. அவள் ஷிப்டில், போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆகவே நான்.

தேடும் பெட்டியில் முறையாகத்தான் இங்கிலீஷில் எழுதினேன்: மதிப்பிற்குரிய ஐயா, என் மகளின் ஸ்பெஷல் அரியர் தேர்வுக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும்?

வந்தவை: யோகா தினம். மரம் நடு விழா. கேன்டீன் டெண்டர். ரிப்பன் வெட்டும் போட்டோ பதினொன்று.

செவ்வாய்
தூறல். பிரவுசிங் சென்டர் பாபுவிடம் போனேன். நான் அடித்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா அண்ணே, மனு எழுதிகினு கீறீங்க? உள்ள ஆபீசர் குந்திகினு படிக்கிறாரா?"

அவன் சொன்னது:
- மரியாதை, வாக்கியம் எதுவும் வேண்டாம். முக்கிய வார்த்தை இரண்டு மூன்று.
- நாம் பேசும் வார்த்தை இல்லை, அவர்கள் நோட்டீஸில் போடும் வார்த்தை. சப்ஜெக்டின் கோடு நம்பர் இருந்தால் இன்னும் நல்லது.
- அந்த சைட்டின் பெட்டியை நம்பாதே. கூகுளில் site, முக்காற்புள்ளி, ஒட்டியே யுனிவர்சிட்டி முகவரி. இடம் விட்டு, தேட வேண்டியது. அப்படியே வரவேண்டியதை மேற்கோள் குறிக்குள்.

வெட்கமாகிவிட்டது. கம்பெனி பர்சேஸில் போய் 'நல்ல கையுறை' என்றால் எவன் நிமிர்ந்து பார்ப்பான்? ஐட்டம் கோடு சொன்னால்தான் வாயைத் திறப்பான். இருபது வருஷமாக அதைச் செய்கிறவனுக்கு இது உறைக்கவில்லை.

புதன்
கரண்ட் போய்ப் போய் வந்தது.

பாபு சொன்னபடி கூகுளில் சப்ஜெக்ட் கோடு போட்டேன். இரண்டாவது வரியிலேயே நோட்டீஸ். அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சுற்றறிக்கை மூன்று'. முகப்பில் ஒரு வரி கிடையாது. பிள்ளைகள் தலையெழுத்தை இப்படியா ஒளித்து வைப்பது? த்தூ.

கை சும்மா இருக்காமல் ஸ்டெல்லாவின் ரிஜிஸ்டர் நம்பரையும் குறிக்குள் போட்டேன். பழைய ரிசல்ட் பட்டியல் வந்தது. அவள் நம்பர். அந்த சப்ஜெக்டுக்கு நேராக 'ஆப்சென்ட்'.

இரண்டு வருஷமாக என் பெண் ஃபெயில் என்று மாதா கோயில் வாசலில்கூடச் சொல்லியிருக்கிறேன். இவள் எழுதவே இல்லை.

வியாழன்
ஷிப்ட் முடிந்து வந்தவளை நிறுத்திக் கேட்டேன். "பரீட்சைக்கே போவலியா? எங்கடி சுத்தின?"

"நெனப்பு இல்லியாப்பா உனுக்கு? அன்னிக்கு ஆடிட்டுன்னு ஷூ எடுத்துகினு கம்பெனிக்குப் போன. கடைல ஆளு இல்ல, நீ குந்துன்னு சொன்ன. பரீட்சைன்னேன். அடுத்த தபா எழுதிக்கோன்ன."

நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"அப்ப நீ ஃபெயில்னு நான் சொல்லச் சொல்ல ஏன் சும்மா இருந்த?"

"எல்லார் எதிர்லயும் சொல்லிட்ட. அங்கயே உன்னப் பொய்யனாக்கச் சொல்றியா?"

சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். வெப்சைட்டைப் பார்த்துத் துப்பிய வாய்தான் அன்று அவளை நிறுத்தியதும்.

வெள்ளி
நல்ல வெயில். அவள் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். கடைசியில் ஒரு கட்டம்: முன்பு தேர்வுக்கு வராத காரணம்.

"ஒடம்பு சரியில்லன்னு போடுப்பா. எல்லாரும் அதத்தான் போடுவாங்க."

நான் அடித்தேன்: கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தை போகவிடவில்லை.

"ஐயோ, அழிச்சிடுப்பா. அசிங்கமா இருக்கு."

அசிங்கம்தான். அனுப்பிவிட்டேன்.