உனக்கு நான் தராத மாப்பு

இன்று காலை உன் ஊசியொன்று என் காலில் ஏறியது. கெம்பஸுக்குப் புறப்படும் அவசரத்தில் சப்பாத்துக்குள் காலை விட்டேன், சுருக்கென்றது. தலையில் சுற்றும் சாலுக்குக் குத்துகிற, முத்துத் தலை வைத்த ஊசி. உன்னுடையதுதான். வாடகைக்குத் தங்கும் இந்தப் போடிங்கில் ஒரு சாலுக்கு ஏழு ஊசி குத்துகிறவள் உன்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று மாதம் ஆகிறது, இன்னும் உன் சாமான்களால் எனக்குத் தொந்தரவு தீரவில்லை. இரத்தத்தைத் துடைத்தேன், பஸ்ஸையும் விட்டுவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் கதைக்க வேண்டுமாம். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும். நம் பெச்சில் கூடப் படிக்கிற எல்லாரும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உன்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருத்திகூட உன்னோடு ஒரே அறையில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவள் இல்லை.

காலையில் உனக்குக் கண்ணாடி முன்னால் முக்கால் மணி நேரம் வேண்டும். திங்கள் பச்சைச் சால், செவ்வாய் ஊதா, அதற்கேற்ற நிறத்தில் தண்ணீர்ப் போத்தல். நான் கறுப்பு அபாயா, மஞ்சள் கன்வஸ் சப்பாத்து, நானே பெயின்டால் நரிப் படம் கீறிய துணிப் பை. அது என் விருப்பம். நீ விடுவாயா?

"அபாயாவுக்குக் கீழ மஞ்சள் சப்பாத்தா? றோட்டுப் போடப் போறவங்க மாதிரி இருக்கு புள்ள!"

முழு பஸ்ஸுக்கும் கேட்கச் சொன்னாய். கொண்டக்டரும் சிரித்தார்.

ஞாயிறு பின்னேரங்களில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் லெப்டொப்பை வைத்து கார்ட்டூன் படம் பார்ப்போம். ரயில் நிலையத்தில் தேநீர்க்கடை போடும் நரிக்குட்டியின் படம், மழையில் துருப்பிடிக்கும் ரோபோவின் படம். எனக்கு அவையெல்லாம் உயிர். கையால் கீறிய மழை ஒன்று திரையில் பெய்தாலே எனக்குக் கண் கலங்கும். நீயோ பாதிப் படத்தில் போனைத் தூக்கி, முடிவைத் தேடி வாசித்து, "அழாத, கடைசியில நரிட உம்மா வந்திருவா" என்பாய். கேட்டேனா நான்? மறுநாள் கேன்டீனில், நான் நரிக்கு அழுததை எல்லாருக்கும் நடித்தும் காட்டுவாய். உன் வாயில் ஒன்றும் தங்காது. அதை அறிந்துதான் அந்த ஒரு விஷயத்தை உன்னிடமிருந்து மறைத்தேன்.

நமக்கு முந்திய பெச்சில் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். கண்காட்சி ஒன்றில் என் பையிலிருந்த நரியைப் பார்த்து, "நீங்க கீறினதா?" என்று கேட்டவர். அதன் பிறகு மூன்றே மூன்று தடவை கதைத்திருப்போம், மூன்று தடவையும் படங்களைப் பற்றித்தான். படித்து முடித்துப் போகும்போது, "உம்மாவை அனுப்பட்டுமா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். நம் ஊர்களில் அதற்கு அர்த்தம் ஓம், சம்மதம்.

நம் பக்கத்தில் பெண் கேட்பவர்கள் எடுத்த எடுப்பில் வீட்டுக்கு வருவதில்லை. பிள்ளை எப்படி என்று முதலில் வெளியே விசாரிப்பார்கள். கெம்பஸ் பிள்ளையென்றால் கூட இருக்கிறவளைப் பிடிப்பார்கள். அவருடைய உம்மாவும் சாச்சியும் பிடித்தது உன்னை. நான் விரிவுரையில் இருந்தேன். திரும்பி வந்தபோது நீ கட்டிலில் சம்மணமிட்டு, பெரிய வெற்றி கண்டவளாக இருந்தாய்.

"ரெண்டு பொம்புளைகள் உன்ன விசாரிச்சு வந்தாங்க புள்ள. நல்லாத் துரத்திட்டன்! படிப்பு முடியாம அவ கலியாணத்துக்குத் தலையாட்டமாட்டா, பேசி வாறவங்களுக்கெல்லாம் ஏசுவா எண்டு செல்லிட்டன். எனக்கு என்ன வாங்கித் தரப்போறாய்?"

"எந்த ஊராம்?" என்றேன்.

"அக்கரைப்பற்றாம்."

நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. முன்பு வந்த கலியாணப் பேச்சுகளுக்கெல்லாம் நான் இந்த அறையில் கத்திய கத்தலை அப்படியே ஒப்புவித்திருக்கிறாய். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! "அவ வந்ததும் கேட்டுச் செல்றன்" என்று சொல்ல உன் வாய் வலித்ததா? அந்த உம்மா ரோசக்காரி. இரண்டு மாதத்துக்குள் மகனுக்கு வேறு இடத்தில் நிக்காஹ்வை முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் உன்னோடு கதைக்கவில்லை. ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரு வார்த்தை இல்லை. "என்ன கோபம் புள்ள? செல்லன்" என்று பின்னாலேயே திரிந்தாய். எனக்குப் பிடித்த வடையை வாங்கி வந்து மேசையில் வைத்தாய். எறும்பு தின்னட்டும் என்று விட்டேன். எதற்குக் கோபம் என்று சொன்னால், எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வெட்கம் என் வாயைக் கட்டிப்போட்டது.

பிறகு உனக்குக் காய்ச்சல். டெங்கு என்று அப்போது தெரியாது. உன் வாப்பா உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக ஓட்டோவில் வந்தார். சால்கூட ஒழுங்காகச் சுற்றாமல் வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் புள்ள, போயிட்டு வாறன்" என்றாய். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. முகம் தெரியாதவர் சொன்னாலும் சொல்வோம். நான் சொல்லவில்லை. காதில் இயர்போன் போட்டிருந்தேன். அதில் ஒன்றும் ஓடவில்லை. நீ சொன்னது நன்றாகக் கேட்டது. ஆறாம் நாள் உன் மௌத்துச் செய்தி வந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு உன் சாமான்களை எடுக்க உன் உம்மா வந்தார். உடுப்புகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மகள், அவ உங்களுக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புக் குடுத்திருங்க. கபுறுக்குள்ள கஷ்டப்படக் கூடாது. என்ன நடந்த எண்டு நான் கேக்கல்ல. அவளுக்கே தெரியாது. 'உம்மா, அவ என்னோட கதைக்கிறல்ல, ஏனெண்டு விளங்கல்ல' எண்டுதான் கடைசி மட்டும் அழுதாள்."

"ஓம் உம்மா, குடுத்திட்டன்" என்றேன். அவர் என் நெற்றியில் முத்தமிட்டார்.

அது பொய். நான் தரவில்லை. கோபம் அப்படியே கிடக்கிறது, இன்று காலையும் உன்னைத் திட்டித்தான் எழும்பினேன். ஆனால் உனக்காக மாப்புக் கேட்க உன் உம்மா இறக்காமத்திலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்தார். எனக்காக உன்னிடம் கேட்க நான் யாரை அனுப்புவேன், சொல்லன் புள்ள.