அழாக்கழல் வழக்கத்தை நீக்கிய ஓலை

திரு ஓங்குக. மாரி தவறாது பொழிக. கொன்றைமூதூர் அரியணையில் வீற்றிருந்து தண்கோட்டு நாடு முழுதும் ஆளும் பெருவிறல் நெடுங்கோவர் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் சாத்தங்கீரன் எழுதியது. ஆழிக்கரைப் பட்டினத்தின் காவலரும், கோப்பெருந்தேவியாரின் தமையனாருமாகிய ஏனாதி நன்மாறவேளார் கண்டு தெளிக. தங்கள் துறையில் கலங்கள் நலமே அணைக. தங்கள் மனையில் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குக.

முதற்கண் நற்செய்தி. தங்கள் மருமகள், நாலரை வயது இளவரசி ஆம்பலி, பேசிவிட்டார். பதினொரு நாளாக ஒரு சொல்லும் உதிராதிருந்த வாய் நேற்று முற்பகலில் திறந்தது. அரண்மனை இன்னும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது.

நிகழ்ந்தது இது. வச்சிரத்தோளன் கூத்து தலைநகருக்கு வந்தது. கயிற்றில் பறந்து வந்து அசுரர் தலைகளைத் திருகி எறியும் அந்த வெல்லவொண்ணா வீரனை அறியாத பிள்ளை இந்நாட்டில் இல்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை மேடையை ஒட்டிய முன்பாயில் அமர்ந்து முடிவுவரை அழாமல் பார்த்தால், அதன் காலில் வீரர்க்குரிய வெண்கலக் கழல் பூட்டும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் நம் அரசரே என்பதும் தாங்கள் அறிந்ததே. அன்றுமுதல் பால்குடி மறவாத பிள்ளைகளையும் தோளில் சுமந்துகொண்டு பெற்றோர் முன்பாய்க்கு முண்டியடிக்கின்றனர்.

இளவரசியைச் செவிலியிடம் விட்டுச் செல்லுமாறு தேவியார் வேண்டினார். தம் மகள் எதற்கும் அஞ்சாள் என்று சொல்லி அரசர் தாமே தூக்கிச் சென்றார். அசுரன் கழுத்து திருகப்பட்டபோது செம்பஞ்சுக் குழம்பு பீறிட்டு முன்பாய்வரை தெறித்தது. இளவரசி அழவில்லை, இமைக்கவுமில்லை. அரசர் பூரித்துப் போனார். அவையோர் நாங்களும் கைதட்டினோம். கழல் பூட்டப்பட்டது. அன்று மூடிய வாய்தான்.

மருத்துவர் நாவில் தேனைத் தடவினார், தொண்டையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். மகள் வீரத்தால் மௌனம் காக்கிறாள் என்று அரசர் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அதைச் சொல்லவில்லை. தந்தை அருகில் வந்தாலே குழந்தை தாயின் முந்தானைக்குள் ஒளிந்தது. அதைக் கண்டு அவர் உணவையும் தள்ளிவிட்டார்.

பத்தாம் நாள் வாணியத் தெருவிலிருந்து கோதை என்னும் செக்காட்டுபவர் மனைவி அவைக்கு வந்து, தன் மகனின் கழலை அரசர் காலடியில் வைத்தாள். பானை உருண்டாலும் பிள்ளை கட்டிலடியில் பதுங்குகிறான் என்றும், கூத்தின்போது அவன் அழாதிருந்தது துணிவால் அல்ல, பயத்தில் அழவும் மறந்துபோனான் என்றும் சொன்னாள். அவள் பின்னே இன்னும் பல தாய்மார் கழலும் கையுமாக நின்றனர். அரசர் முகம் வெளிறியது. அடியேன் இருபதாண்டு பணியில் அப்படி ஒரு முகத்தை அவரிடம் கண்டதில்லை.

மெய்யில் நடந்ததை மகளுக்குக் காட்டும்பொருட்டு, அசுரன் வேடமிடும் நாகங்கூத்தனை அரசர் உடனே அழைப்பித்தார். அவன் மறுநாள் முற்பகலில் வந்து, மடைப்பள்ளி முற்றத்தில் அமர்ந்து பழைய சோறு உண்டுகொண்டிருந்தான். தேவியாரின் முந்தானையைப் பற்றி வந்த இளவரசி அவன் முகத்தை அடையாளம் கண்டு நின்றார். பின் தாமே நடந்து சென்று அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் கேட்டதை அப்படியே எழுதுமாறு அரச ஆணை, அரச ஓலையில் மழலை ஏறுவதைப் பொறுத்தருள்க: “செத்துப் போகலியா நீ? வலிச்சுதா?”

திருகப்பட்டது வாழைத்தண்டால் செய்த தலை, தெறித்தது ஆட்டுத்தோல் பையில் அடைத்த சாயம் என்று அவன் எடுத்துக் காட்டினான். அதன்பின் இளவரசி அழத் தொடங்கினார், ஏனாதி அவர்களே! ஒரு நாழிகை முழுதும், மதில் காவலர் ஓடி வரும்படி அழுதார். அரசர் கை நீட்டினார், குழந்தை விலகவில்லை. தோளில் சாய்ந்து அழுத மகளை ஏந்தியபடி அரசரும் மறைக்காமல் அழுதார். எங்களுக்கோ அந்த அழுகை காதில் தேனாகப் பாய்ந்தது. பிற்பகலில் இளவரசி வச்சிரத்தோளனையும் வரவழைத்து, நாகங்கூத்தனை இனி அடிக்கலாகாது என்று கண்டித்தார். கூத்தர் கூட்டத்திலேயே சாதுவான அம்மனிதர் நடுங்கிப்போய் ஒப்புக்கொண்டார்.

ஆகவே அரசர் ஆணை. அழாக்கழல் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. பிழை தம்முடையது என்று அரசர் பறையறைவித்துள்ளார். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளை இக்கூத்தின் பந்தலுக்குள் புகலாகாது. கூத்தர் மீது குற்றமில்லை. பெரியோர் கண்டு களிக்கட்டும், கூத்தர்க்கு நல்ல சோறு இடுக. எப்பந்தலிலும் அழும் பிள்ளையைப் பெற்றோர் அக்கணமே வெளியே கொண்டு செல்க. அதை எள்ளி நகைப்பவர் அவைமுன் நிறுத்தப்படுவர்.

கூத்தர் இவ்வாணைக்கு முன்பே, நேற்றிரவே படகேறித் தங்கள் பட்டினம் நோக்கி வந்துவிட்டனர். தங்கள் மகன் சேந்தனுக்கு ஐந்து வயது என்பதையும், அவனுக்கு முன்பாயும் கழலும் வாக்களித்திருக்கிறீர்கள் என்பதையும் தேவியார் சொன்னார். அவ்வாக்கைத் தாங்கள் மீற வேண்டும். பிள்ளை முகம் திருப்பிக்கொள்வான், பொறுத்துக்கொள்க.

இது கயற்பொறி இலச்சினை இட்டு, விரைபரி வீரன் கையில் விடுத்த ஓலை. வழியில் தடுப்பவர் அரச தண்டம் அடைவர். ஓலையின் மேலுறையில் அரசர் தம் கையாலேயே எழுதியது: “மைத்துனரே, கூத்து தொடங்கிவிட்டதானால் இதைப் பிரித்துப் படித்துக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாரும்.”