எடைக்கு எடை கிழங்கு

5.12.1980, வெள்ளி

விறகுக் கடைத் தராசில் பாப்பா எட்டு கிலோ முந்நூறு. வயசு மூன்று முடிந்து இரண்டு மாசம். காசிமாயன் அண்ணன் எடைக்குண்டை மாற்றி இன்னொரு தரம் நிறுத்தார். அதே எட்டு முந்நூறு.

"தராசுல கோளாறு இல்லத்தா."

தராசை யார் குறை சொன்னது?

அம்மை இறங்கி இன்றோடு பதினெட்டு நாள். விலா எலும்பை எண்ணிவிடலாம் என்றார் நர்ஸம்மா. எண்ணினேன். ஒரு பக்கம் பத்து வரை தெரிகிறது. முட்டை, கறி, மீன் கொடுக்க வேண்டுமாம். எட்டுக்குக் கீழே இறங்கினால் பெரியாஸ்பத்திரி. பின்சந்தில் செல்லக்கிளியின் மகன் இப்படி இளைத்துத்தான் ஐப்பசியில் போனான்.

முட்டையை எப்படிக் கொடுப்பது? அம்மை இறங்கிய அன்று மாரியம்மன் முன்னால் நானே வாய்விட்டு நேர்ந்துகொண்டேன். பாப்பா தேறட்டும் தாயே, பங்குனிப் பொங்கலுக்கு அவள் எடைக்கு எடை எங்கள் வீட்டில் விளைந்ததைத் தராசில் வைக்கிறேன். அதுவரை என் வீட்டுக்குள் முட்டை, கறி, கருவாடு எதுவும் நுழையாது.

இவுக கேட்டாக: "நம்ம வீட்டுல என்னடி விளையுது?"

யோசித்தேன். வேலியில் அவரை மட்டும்தான்.

6.12.80

அந்த அவரை விதை பக்கத்து வீட்டு மலையம்மாள் அக்கா கொடுத்தது. பர்மாவிலிருந்து அக்கா கப்பலேறியபோது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு முடிச்சு விதையும்தான். காய்க்கு நாலு பக்கமும் ரெக்கை இருக்கும். பர்மா அவரை என்போம். ஆடியில் போட்டேன், முப்பது கொடி.

இன்று பாப்பாவைப் பார்க்க வந்த அக்கா நேரே வேலிக்குப் போய்க் கம்பியால் வேரைக் கிளறினார். விரல் மொத்தத்தில் கொத்தாகக் கிழங்கு!

"காயப் பறிச்சுத் தின்னுட்டு சத்த மண்ணுக்குள்ள விட்டுருக்கியே, கூறு கெட்டவளே. ரங்கூன்ல இத அவிச்சுக் கட்டுக்கட்டா விப்பாக."

அவித்துத் தோலுரித்து உப்புத் தொட்டுக் கொடுத்தேன். பாப்பா இரண்டு தின்றாள். நானும் ஒன்று தின்று பார்த்தேன். உருளைக்கிழங்கு கடலைக்காட்டில் பிறந்தது போல இருந்தது.

20.12.80

நர்ஸம்மா ஒரு கிழங்கை வாங்கிப்போய், விவசாயக் கல்லூரியில் படிக்கும் தம்பியிடம் காட்டியிருக்கிறார். மரவள்ளியை விடப் பல மடங்கு புரதமாம். புரதம் என்றால் என்ன என்றேன். உடம்பில் சதை வைக்கிற சத்து என்றார்.

"முட்டைக்குப் பதிலாகுமா?"

"முழுசா ஆகாது. ஆனா விடாமக் குடுங்க."

விடாமல் கொடுக்கச் சொன்னதை மட்டும் இவுகளிடம் சொன்னேன்.

2.1.81, வெள்ளி

எட்டு ஐந்நூற்றைம்பது. தினம் இரண்டு கிழங்கு.

14.1.81

பொங்கல் படையலில் பனங்கிழங்கு, சிறுகிழங்கு, பக்கத்தில் பர்மாக் கிழங்கு. சூரிய பகவான் ஒன்றும் சொல்லவில்லை.

6.2.81, வெள்ளி

ஒன்பது முந்நூறு. பாப்பா விறகுக் கடை வரை நடந்தே வந்தாள். தேங்காய் உடைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். தோண்டியது பன்னிரண்டு கொடி. பாக்கி பதினெட்டு. கொடிக்கு அறுநூறு கிராம் கிடைக்கும். தினம் இரண்டு போனால் பங்குனிக்கு எட்டுக் கொடிதான் மிஞ்சும், ஐந்து கிலோ. பாப்பா அதற்குள் பத்தைத் தொடுவாள். ஒரு பக்கம் கிழங்கைக் குறைக்கிறாள், மறுபக்கம் எடையைக் கூட்டுகிறாள். நேர்ந்தபோது இது எனக்குத் தோன்றவில்லை. அம்மனுக்குத் தோன்றியிருக்கும்.

13.2.81

இரண்டை ஒன்றாக்கினேன். மீதிப் பசிக்குக் கஞ்சி.

பாப்பா கையை நீட்டி, "இன்னொன்னு," என்றாள். தீர்ந்துபோச்சு என்றேன். பானை அவள் கண்ணெதிரேதான் இருந்தது.

27.2.81, வெள்ளி

ஒன்பது எழுநூற்றைம்பது. குறைத்துக் கொடுத்தும் ஏறுகிறது!

"என்னத்தா குடுக்குற? சொன்னா எம் மாட்டுக்கும் குடுப்பேன்ல," என்றார் காசிமாயன் அண்ணன். அம்மன் அருள் என்றேன்.

முள் சாய்ந்தபோது ஏறாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். பெத்த புள்ள தேறுறதப் பாத்து அப்படி நெனச்சேனே, நானெல்லாம் ஒரு தாயா? அவள் தேறத்தானே இந்த நேர்த்தி? விளக்கேற்றி விழுந்து கும்பிட்டேன். நாளையிலிருந்து மறுபடி இரண்டு.

(இரண்டு கொடுக்கவில்லை. ஒன்றரை கொடுத்தேன்.)

27.3.81, வெள்ளி

பத்து கிலோ நூறு.

29.3.81, ஞாயிறு

நாளை மறுநாள் பங்குனிப் பொங்கல். மிச்சக் கொடி எல்லாவற்றையும் தோண்டினேன். கணக்குப் போட்டதை விடக் கிழங்கு பெருத்திருந்தது, எட்டு கிலோ எழுநூறு. ஒரு கிலோ நானூறு குறைகிறது.

கூடவே ஒன்று கிடைத்தது. வேலி மூலையில் ஒரு சாண் ஆழத்தில் முட்டை ஓடு. நொறுங்கியதை விட்டுவிட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று.

இவுக முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "இது என்ன?"

"உரம்."

"முட்டை ஓடு."

"முட்டை ஓடும் உரந்தான்."

"நேர்த்தி இருக்கிற வீட்டுல..."

"வீட்டுக்குள்ளன்னுதான நேந்த? நான் வேலியோரமா உக்கார வச்சுல்ல ஊட்டுனேன். பொங்கல்லருந்து தினம் ஒன்னு."

கோழி மலையம்மாள் அக்கா வீட்டில் இருக்கிறதாம். இவுக வாங்கி அங்கே அடைத்த நம் கோழிதானாம், பகலெல்லாம் நம் வேலியில்தான் மேயுமாம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "என்னைய இழுக்காதீகப்பா, நான் எரை மட்டுந்தான் போட்டேன்," என்றார்.

பாப்பாவிடம் கேட்டேன். "அப்பா சொல்லக் கூடாதுன்னுச்சு."

ஏந்தாயே, மூணு மாசமாக் கெழங்கு கெழங்குன்னு எழுதி வச்சிருக்கேனே, எது யாரு குடுத்த சதை? நான் ஒன்னு ரெண்டுன்னு பிடிச்சு வச்சப்ப அந்த மனுசன் உள்ள பூந்து ஊட்டிருக்காரு. அவரத் திட்டவா, கையெடுத்துக் கும்பிடவா? இதுவரை இவுக என்னிடம் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'வீட்டுக்குள்' என்றுதான் இருக்கிறது. என் கையெழுத்துதான்.

31.3.81, செவ்வாய்

விறகுக் கடைத் தராசைக் கழுவி, மஞ்சள் பூசி, கோயில் வேம்பில் கட்டினார்கள். ஒரு தட்டில் பாப்பா. மறுதட்டில் கிழங்கு முழுவதையும் கொட்டியாயிற்று. பாப்பாவின் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. அவனியாபுரத்தில் பாதி ஜனம் சுற்றி நின்றது.

"வேறொன்னும் விளையலையா தாயி?" என்றார் பூசாரி நல்லகாமன்.

நான் அம்மனைப் பார்த்தேன். இவுக கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாக. கையில் கால் கட்டிய கோழி.

"இதுவும் நம்ம வீட்டுல வளந்ததுதான்."

பூசாரி கோழியைப் பார்த்தார், கருவறையைப் பார்த்தார். "அம்மனுக்குக் கோழி என்ன புதுசா? வையி."

முள் நடுவில் வந்து நின்றது. பாப்பா எதிர்த்தட்டைப் பார்த்து, "என் கோழி," என்றாள்.

காணிக்கையை ஏலம் விட்டார்கள். கோழியை இவுகளே திரும்ப எடுத்தாக. கிழங்கை ஒருவரும் கேட்கவில்லை, என்னவென்றே தெரியாததை யார் கேட்பார்? பூசாரி கூறு போட்டுப் பிரசாதமாகக் கொடுத்தார். செல்லக்கிளி வரிசையில் இரண்டு தரம் வந்து நின்றாள். இடுப்பில் அவளுடைய சின்ன மகள். பூசாரி கண்டும் காணாதது போல இரண்டு தரமும் கொடுத்தார்.

10.4.81, வெள்ளி

விறகுக் கடை. பாப்பா பத்து முந்நூறு. நோட்டில் கிழங்குக்குப் பக்கத்தில் முட்டைக்கும் ஒரு பத்தி கோடு போட்டாயிற்று.

செல்லக்கிளி மகள் ஏழு கிலோ நூறு. அடுத்த பக்கம் அவளுக்கு. அதிலும் இரண்டு பத்தி.

கோழி இன்று முட்டையிடவில்லை. பிரசாதக் கூறில் மிஞ்சிய கிழங்கு ஆளுக்கு இரண்டு.